சிவப்புக் கோடுகளும் ஒரு நீலக் கோடும்

அறுபதைத் தாண்டிய நாம் ஒன்று கூடினால் பேச்சு மூட்டுவலியில் தொடங்கி, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதில் முடிகிறது. போன மாதம் அப்படிக் கூடியபோது நம்மில் ஒருத்தி என்னிடம், "உங்க அத்தை கதையெல்லாம் எழுதுவாங்களே, நடுவுல ஏன் ரெண்டு வருசம் ஒண்ணுமே வரல?" என்று கேட்டாள். சாப்பாட்டு மேசையில் வைத்து அதைச் சொல்ல முடியவில்லை. சொல்வதென்றால் ஒரு பழைய புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வயதில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

உங்களில் பாதிப் பேர் டவுனில் வளர்ந்தவர்கள். எங்கள் ரப்பர் தோட்டம் மலாக்காவில் அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி செம்மண் பாதையில் அரைமணி நடக்க வேண்டும். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அம்மாவும் அத்தையும் மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் இறக்கினார்கள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். காலையில் வேலைக்குப் போய், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்தபின், ஈரத் தலையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் இடுக்கில் ரப்பர் பால் காய்ந்து கறுப்புத் தோலாய் ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்துக்கொண்டே யோசிப்பாள். ஞாயிறு பத்திரிகையில் அவள் கதைகள் ஏழு வந்திருந்தன. ஏழையும் வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள்.

அந்த ஏழில் ஒரு கதைதான் வினையானது. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய ஒருத்தியைப் பற்றிய கதை. பிள்ளை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கிடக்கிறது. இவளுக்கு மரம் வெட்டும்போது மார்பில் பால் கட்டிக்கொள்கிறது. ரவிக்கை நனைந்து வயிறுவரை ஈரம் இறங்குகிறது. கடைசியில் மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை.

மலாக்கா டவுனில் அப்போது எழுத்தாளர்களைப் பற்றியே எழுதும் விமர்சகர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கூட்டத்தில் அவர் இந்தக் கதையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கல்யாணமாகாத தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை, இப்படி ஒரு நடையும் வராது, பெயருக்குப் பின்னால் ஓர் ஆணின் கை இருக்கிறது என்பது அவருடைய தீர்ப்பு. கூட்டத்துக்குப் போயிருந்த எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

எந்த ஆண் என்று தேடுவது தோட்டத்துக்குக் கஷ்டமாக இல்லை. அத்தைக்குப் பழைய பத்திரிகைகள் கொடுத்துவந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். மனிதர் அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். போனதும் பேச்சு இன்னும் உறுதிப்பட்டது. கோலா சுங்கை பாருவில் அத்தைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வந்து சண்டை போடவில்லை. நாங்கள் அனுப்பிய தாம்பாளத்தைத் துணியில் சுற்றி, ஒரு ஆள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அத்தை பிஸ்கட் டின்னையும் நோட்டையும் அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். அதற்குப் பிறகு தொடவில்லை. அப்பா அவளிடம் பேசுவது குறைந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் அந்த மௌனத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து, ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை. விடாத மழை. பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது, ஆகவே வாரத்தில் பாதி நாள் வேலையில்லை. வீட்டுக்குள் ஈரத் துணியும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. அப்படி வேலையில்லாத ஒரு நாளில் அத்தை என்னைப் பஸ்ஸில் பாச்சாங்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பழைய சாமான்கள் விற்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து பார்ப்பதுதான் உத்தேசம்.

சப்பாத்து கிடைத்தது. இடது கால் கொஞ்சம் இறுக்கியது, இறுக்கவில்லை என்று பொய் சொன்னேன். ஏனென்றால் அத்தை அதற்குள் புத்தகப் பெட்டி பக்கம் போய்விட்டாள். அட்டை போன ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாள். பழுப்புத் தாளில் யாரோ மேலுறை போட்டு, முதுகில் வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். பூச்சி உருண்டை வாசம் வந்தது. உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்த ஒரு அம்மாள், "கொஞ்சம் நகருங்க லா" என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

அது அந்த விமர்சகரின் கட்டுரைத் தொகுப்பு. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு கட்டுரை. பெரியவர்களுக்குப் பதினைந்து, இருபது பக்கம். கடைசிக் கட்டுரை நான்கே பக்கம், அதில் அத்தையின் பெயர். தன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட எழுத்தை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்து, மேலே சப்பாத்துப் பையை வைத்து, அதற்கு மேல் கைகளை வைத்திருந்தாள்.

அந்தப் புத்தகம் முழுக்க யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் என்று ஒரு பென்சில் வருமே, அது. ஒத்துக்கொள்ளாத இடத்தில் சிவப்புக் கோடு, ஒத்துக்கொண்ட இடத்தில் நீலம். ஓரத்தில் நெருக்கி நெருக்கிச் சின்ன எழுத்து. அத்தையின் நான்கு பக்கமும் சிவப்பாக இருந்தது. ரவிக்கை நனைவது மிகை என்று விமர்சகர் எழுதிய இடத்தில், "மிகையல்ல. அப்படித்தான் நனையும்" என்று இருந்தது. ஆணின் கை என்ற வரியை மூன்று தரம் அடித்து, "யாரைக் கேட்டார்? எழுதியவளைப் போய்ப் பார்த்தாரா?" என்று இருந்தது. அத்தை அதை வாய்விட்டுப் படித்தாள். எனக்குக் கேட்பதற்காகப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு நீலக் கோடும் இருந்தது. கதையின் முடிவு பலவீனமானது என்று விமர்சகர் சொன்ன வரிக்குக் கீழே. பக்கத்தில், "இது மட்டும் சரி" என்று மூன்றே மூன்று வார்த்தை, ஒரு சின்னக் கோடு. அத்தை அந்த வாரம் முழுக்க சிவப்புக் கோடுகளை விட்டுவிட்டு அந்த நீலக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அலமாரிக்கு மேலிருந்து நோட்டை இறக்கினாள். கதையில்லை, கடிதம் எழுதினாள். எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். யாருக்கு என்று நான் கேட்டேன்.

"இந்தப் புத்தகத்துல எழுதுனவங்களுக்கு," என்றாள். "யாருன்னு தெரியல. அந்த மாதா கோயில்ல விசாரிச்சாத் தெரியும்."

அவள் 'எழுதுனவங்க' என்றுதான் சொன்னாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்பா என்னைக் கேட்டது லோரியில் வைத்து. ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும்போது விடுமுறையில் சில நாள் என்னையும் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். எனக்கு அது பெரிய மரியாதை. விடிகாலையில் விட்டிருந்த மழை மறுபடி பிடித்து, கண்ணாடியில் மழைத் துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது.

"அத்தை மறுபடியும் எழுதுறா போல," என்றார்.

"கதை இல்லப்பா. லெட்டர்."

"யாருக்கு?"

"புத்தகத்துல பென்சில்ல எழுதுனவருக்கு."

நான் 'எழுதுனவரு' என்றேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் விமர்சகரையே திருத்தி எழுதுகிற ஒரு ஆள் ஆணைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்று பதினோரு வயதிலேயே நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லின் எடை எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் கியரை மாற்றினார். புத்தகம் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டார். அத்தையின் தலையணைக்குக் கீழே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். உள்ளேயிருந்த கடிதத்தோடு.

ரப்பர் ஷீட்டைக் காயப்போடும் புகைக் கூடம் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அதன் அடுப்பு இரவு பகல் அணைவதில்லை. அப்பா குடை பிடிக்காமல் மழையில் நடந்து அங்கே போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

அத்தை மதியம் வேலையிலிருந்து வந்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். வெளியே வந்து, "அண்ணே, எம் புத்தகம் எங்க?" என்று கேட்டாள்.

"எரிச்சிட்டேன்."

"ஏன்?"

"ஏன்னு கேக்குறியா? ஒரு வாத்தியார் போதாதா? இப்ப எவனோ ஒருத்தன் கோடு போட்டுக் குடுக்குறான், நீ அவனுக்கு லெட்டர் எழுதுற. அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்தச் சங்கதியெல்லாம் எவன் சொன்னான்? சொல்லு."

அம்மா அடுப்படியில் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்தபடி வந்து கதவோரம் நின்றாள்.

"எவனும் சொல்லல. அது எஞ் சங்கதி," என்றாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"நனைஞ்சது என் ரவிக்கை. இவ அடுத்த மர நெரையில வெட்டிக்கிட்டிருந்தா. பாத்தா. எழுதுனா. கிராணி வந்து கதை சொன்ன அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னால சொல்ற சங்கதியான்னு வெக்கப்பட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டேன். எம் மானத்துக்கு அவ கல்யாணம் போச்சு."

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை நான்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "சரி. அந்தப் பென்சில் ஆம்பளை யாரு?"

"ஆம்பளைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள் அத்தை.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தை என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. எத்தனையோ வருஷம் கழித்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். "நேர்ல போயே பாத்திடுவோம்," என்றார். அத்தையைப் பின்னாலும் என்னை நடுவிலும் உட்காரச் சொன்னார். பாச்சாங் தேவாலயத்தில் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சாமான் விற்ற அம்மாளுக்குப் பழுப்பு உறை போட்ட புத்தகம் நினைவிருந்தது. "அது மிஸ்ஸி வீட்டுலேர்ந்து வந்த பெட்டி. கிளேபாங்ல மக வீட்டுல இருக்காங்க," என்று வழி சொன்னாள். மிஸ்ஸி என்றால் ஆஸ்பத்திரித் தாதி என்று நமக்கெல்லாம் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும், "அவங்க வீட்டுக்காரரா இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கிளேபாங்கில் சாலையோரக் கடைகளில் மீன் வறுக்கும் புகை மழையில் மேலே போக முடியாமல் தரையோடு படர்ந்தது. வீடு கடலுக்குப் பக்கம். கதவைத் திறந்தது வெள்ளைக் கவுன் போட்ட வயதான அம்மாள். கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். கண் இரண்டும் பால் விழுந்தது போல இருந்தன.

"யாரு? நனைஞ்சிட்டீங்களா? உள்ள வாங்க."

அப்பா அவர் தலைக்கு மேலே எட்டி வீட்டுக்குள் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை.

அத்தை தன் பெயரைச் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த அம்மாள் சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்து, காற்றில் நீட்டினார். அத்தை பிடித்துக்கொண்டாள். அவர் அத்தையின் விரல்களைத் தடவிப் பார்த்தார். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த காய்ந்த பாலைத் தன் நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"மரம் வெட்டுற கை," என்றார்.

"பென்சில்ல எழுதுனது..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நான்தான் தம்பி. டூட்டியில சார்ட் எழுதுற பென்சில். பிரசவ வார்டுல முப்பது வருசம். எங்க வீட்டுக்காரருக்குத் தமிழ் படிக்க வராது. யார்கிட்ட பேசுறது? அதான் புத்தகத்துலயே சண்டை போட்டேன்." அத்தையின் பக்கம் திரும்பினார். "கொண்டாந்திருக்கீங்களா அத? கண்ணு போன பெறகு மக எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கோயிலுக்குக் குடுத்துட்டா. அது ஒண்ண மட்டும் தேடிக்கிட்டே இருந்தேன். யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேக்கலாம்னு."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒரு பொய் சொல்ல அப்பாவுக்கு நேரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது, பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று ஏதாவது.

"நான் எரிச்சிட்டேம்மா," என்றார் அப்பா. "தப்பா நெனச்சிட்டேன். நீங்க வேற யாரோன்னு."

அந்த அம்மாள் கையை நீட்டிச் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கடல் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் ஏற்பட்டதை என்னால் இப்போதுகூட எழுத்தில் கொண்டுவர முடியாது. கண்ணில்லாத ஒருவரிடமிருந்து இன்னொன்றையும் பறித்துவிட்டோம் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் தெரிந்தது.

"உக்காருங்க," என்றார் கடைசியில். "எழுதுனது எனக்கு மனசுல இருக்கு."

மனப்பாடமாகச் சொன்னார். முதல் பக்கத்தில் இன்ன வரி, அதற்குத் தான் போட்ட பதில் இன்னது என்று. அப்பா ஈரச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். தங்கை எழுதிய கதையை அவர் அதற்குமுன் படித்தவரில்லை. அந்த வீட்டில்தான் முதலில் கேட்டார். கடைசியில் அத்தை, "அந்த நீலக் கோடு?" என்று மெல்லக் கேட்டாள்.

"அந்த ஆளு சொன்னதுலயே அது ஒண்ணுதான் சரி. கோவிச்சுக்காதீங்க. அழுதுட்டு அடுத்த மரத்துக்குப் போனான்னு முடிச்சிருக்கீங்க. பால் கட்டி நிக்கிற பொம்பளைக்கு உக்காந்து அழ முடியாதும்மா. நெருப்பா எரியும். அவ ஏதாச்சும் செஞ்சிருப்பா. என்ன செஞ்சான்னு நீங்க அவகிட்ட கேக்கல."

"நான் என் நெரைக்குத் திரும்பிட்டேன்," என்றாள் அத்தை. "அதுக்கப்புறம் பாக்கல."

"போய்க் கேளுங்க. எழுதிக் கொண்டாந்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். மழை விட்டிருந்தது. அம்மா சோறு ஆக்கி முடித்து, மங்குக் கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை அப்பாதான் சொன்னார். எரித்ததை ஒப்புக்கொண்டதையும் சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

அம்மா கையிலிருந்த கிண்ணத்தை வைத்தாள்.

"வாளியப் போட்டுட்டுப் போனேன். ஆத்து வழியா குறுக்க நடந்து கொட்டகைக்குப் போயி இவளுக்குப் பால் குடுத்தேன். கங்காணி பின்னாலயே கத்திக்கிட்டு வந்தாரு. குடுத்து முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கல. திரும்பிப் போனா மரத்து மங்குல ரப்பர் பாலெல்லாம் கட்டிப் போச்சு. மூணு நாளு வேலைக்கு வராதன்னுட்டாரு."

"மூணு நாளா?" அப்பா யோசித்தார். "காய்ச்சல்னு படுத்திருந்தியே."

"காய்ச்சல்னு சொன்னேன்," என்றாள் அம்மா. "நீங்க நெத்தியத் தொட்டுப் பாக்கல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை எழுந்து நோட்டை எடுக்கப் போகவில்லை. அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "எந்த வழியா போனீங்க அண்ணி? மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள். அம்மா சொல்ல ஆரம்பித்தாள்.